அசிமினா ஏற்றிய எழுபத்து நான்கு பெட்டிகள்

இருபத்திரண்டு வருடம் தாசோஸ் தீவில் பளிங்குக்கல் லாரி ஓட்டினவன் நான். பளிங்கில் ஒரு நிம்மதி உண்டு. அது கத்தாது, கொட்டாது, வெயிலில் உருகாது. கல்லைத் தவிர வேறு எதையும் ஏற்றுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். தக்காளி ஏற்றச் சொன்னவர்களை, ஆடு ஏற்றச் சொன்னவர்களை, ஒரு கல்யாண வீட்டுக் கட்டிலை ஏற்றச் சொன்ன என் சொந்த மைத்துனனையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அசிமினாவை மட்டும் அனுப்ப முடியவில்லை.

அவள் தெற்குக் கரையில் ஒரு மீன்காரர் வீட்டில் பிறந்தவள். நாலாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. பத்தொன்பது வயதில் ஃபோத்திஸைக் கட்டிக்கொண்டு மேலே பைன் காட்டு ஊருக்கு வந்தாள். ஃபோத்திஸுக்கு ஆலிவ் எண்ணெய் ஆலையில் வேலை, அதோடு முப்பது தேன்பெட்டி. நாற்பத்தைந்து வயதில், ஆலிவ் உலுக்கிக்கொண்டிருந்தபோதே மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அசிமினாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு. பிள்ளைகள் இல்லை.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அவள் விதவைகள் உடுத்தும் கறுப்பைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டையோடு காட்டுக்குப் போனாள். ஊரே வாயைப் பிளந்தது. பாதிரியாரே வழிமறித்துக் கேட்டாராம்.

"ஏம்மா, அவன் மண்ணு இன்னும் காயல. இது என்ன கோலம்?"

"கறுப்பக் கண்டா தேனீ கொட்டுது சாமி. அதுங்களுக்கு யாரு செத்தாங்கன்னு தெரியாது. நீங்க வேணா வந்து சொல்லிப் பாருங்க."

பாதிரியார் வரவில்லை. அவளும் அதற்குப் பிறகு கறுப்பு உடுத்தவில்லை. ஒன்பது வருடத்தில் முப்பது பெட்டியை நூற்றுப் பதினான்கு ஆக்கினாள்.

எண்பத்தொன்பதாம் வருடம் ஆகஸ்ட் மாதத்தில் காடு பற்றியது. மூன்று நாள் எரிந்தது. இரண்டாம் நாள் மதியம் ஊரைக் காலி செய்யச் சொல்லிப் போலீஸ் வந்தது, கரையில் படகுகள் நின்றன. எல்லோரும் போனார்கள். அசிமினா மட்டும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பெட்டி பெட்டியாக வைத்து, வறண்ட ஆற்றுப்படுகைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அங்கே வெள்ளைக் கூழாங்கல்லைத் தவிர எரிவதற்கு ஒன்றுமில்லை. ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்து இழுத்தபோது, "என்னப் பிடிச்ச கையால ஒரு பெட்டியப் பிடிச்சா சீக்கிரம் முடியும்" என்றாளாம். அவரும் மூன்று பெட்டி தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓடினார். நாற்பது பெட்டி எரிந்தது, எழுபத்து நான்கு பிழைத்தது.

தீ அணைந்த பிறகு நான் அந்தப் பக்கமாகக் கல் ஏற்றப் போனேன். மலை முழுக்க எரிந்த தீக்குச்சி நட்டு வைத்ததுபோல் நின்றது. அவளுடைய தேனீக்கள் வெளியே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் காலிலும் பூந்தூளுக்குப் பதில் கரி.

பைன் தேன் பூவிலிருந்து வருவதல்ல. மரப்பட்டையில் ஒரு பூச்சி இருக்கிறது, அது கசிய விடுவதைத்தான் தேனீ எடுக்கும். மரமும் போய்ப் பூச்சியும் போனால், திரும்பி வர முப்பது வருடம் ஆகும் என்றார்கள் விவசாய ஆபீசில். எரியாத பெட்டிகளுக்கு நிவாரணம் கிடையாது என்றும் சொன்னார்கள். அவள் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களை உயிரோடு வைத்திருந்தாள்.

ஃபோத்திஸின் தம்பி கோஸ்மாஸ் வந்து உட்கார்ந்தான். கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவன். அண்ணன் நிலத்தின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண்.

"அண்ணி, பெட்டிய வித்துருங்க. நிலத்துல பத்து ரூம் கட்டுவோம். காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கலாம். கரியில தேன் வராது."

"கரியில வராது கோஸ்மா. மலையில வரும்."

"எந்த மலையில?"

"அக்கரையில. ரொடோப்பி மலையில ஓக்கு மரம் இருக்கு, கஷ்கொட்டை மரம் இருக்கு. பிளத்தானி ஊருக்கு மேல ஒரு வெட்டவெளி. போன வாரம் பஸ்ல போய்ப் பாத்துட்டு, காட்டிலாகாவுல எழுதி வாங்கிட்டு வந்துட்டேன்."

"கடல் மட்டத்துலயே பொறந்து வளந்த ஈயி. மொதப் பனியிலயே விறைச்சுச் சாகும். கூடவே நீங்களும்."

"அப்ப நிலத்த நீ சும்மாவே எடுத்துக்கலாமே. ஏன் அவசரப்படுற?"

அதன் பிறகுதான் லாரிக்கு அலைந்தாள். நான்கு பேர் மாட்டேன் என்றுவிட்டார்கள். ஐந்தாவது ஆளாக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் கல்லு ஏத்துறவன். ஈயெல்லாம் நமக்கு ஆகாது."

"சாராந்தி, கல்லு விழுந்து செத்த டிரைவரு எத்தன பேர உனக்குத் தெரியும்?"

யோசித்தேன். "மூணு பேரு."

"தேனீ கொட்டிச் செத்த டிரைவரு ஒருத்தன் பேரச் சொல்லு. நான் போயிடறேன்."

நான் லாரிச் சாவியைத் தேடினேன். என் மனைவி உள்ளிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், வெயில் தாழ்ந்து தேனீக்கள் எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு, ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் வலைத்துணியை அடைத்து லாரியில் ஏற்றினோம். மேலே பெரிய வலை போட்டுக் கட்டினோம். விடிந்ததும் முதல் கப்பல். அக்கரையில் கெரமோத்தி துறைக்கு முக்கால் மணி நேரம். அங்கிருந்து பிளத்தானிக்கு மூன்று மணி நேரம். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு.

தீவுத் துறையிலேயே கணக்கு தப்பியது. கப்பலின் இறங்குபலகையில் என் முன்சக்கரம் ஏறியதும் டிக்கெட் சரிபார்க்கிறவன் கையைக் காட்டினான்.

"என்ன சத்தம் அது?"

லாரி முழுக்க ஒரு பெரிய கொதிகலன்போல் இரைந்துகொண்டிருந்தது. மறைக்க முடியுமா?

"தேனீ" என்றேன்.

அவன் கேப்டனைக் கூப்பிட்டான். கேப்டன் மேலே இருந்தபடியே குனிந்து பார்த்தார். கோடை முடிந்து ஊர் திரும்பும் ஜெர்மன்காரர்கள், கைக்குழந்தைகள், மூட்டை முடிச்சுகள் என்று கப்பலில் நல்ல கூட்டம்.

"பின்னால எடுப்பா. ஆளுங்களோட இத ஏத்த முடியாது. சாயங்காலம் சரக்குக் கப்பல் வரும், அதுல வா."

அசிமினா கதவைத் திறந்து இறங்கினாள். இறங்குபலகையின் நடுவில், லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"கேப்டன், சாயங்காலம்னா உள்ள தேனடை உருகிரும். எழுபத்து நாலு பெட்டியும் வெந்து செத்துரும்."

"அது என் பொறுப்பு இல்லம்மா. எதாச்சும் ஒண்ணு வெளிய வந்து ஒரு குழந்தையக் கொட்டினா, அது என் பொறுப்பு."

"வெளிய வராது. நல்லா அடைச்சிருக்கேன்."

"அடைச்சதுக்குப் பேப்பர் இருக்கா? சுகாதார ஆபீசுல கையெழுத்து?"

"தீயில எரியிறப்ப யாரும் பேப்பர் கேக்கல. தப்பிச்சு வந்ததும் கேக்குறீங்க."

பின்னால் கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. டிக்கெட்காரன் என்னைப் பார்த்து "வண்டிய எடு, வண்டிய எடு" என்றான். நான் பின்னால் எடுக்கத் தயாராகக் கியரில் கை வைத்தேன். அதை இன்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது.

அசிமினா லாரியின் பக்கவாட்டில் ஏறினாள். வலையின் ஒரு முடிச்சை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டு, ஒரு பெட்டி வாசலில் அடைத்திருந்த துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எப்படியும் சாகப் போறதுங்கள மூடி வச்சுக் கொல்ல மாட்டேன். இங்கயே தொறந்து விட்டுருவேன். கப்பல் ஏறி வரதும், ஊர் சுத்திப் பாக்குறதும் அதுங்க இஷ்டம்."

ஹாரன் சத்தம் நின்றுவிட்டது. பக்கத்துக் காரில் ஒரு ஆள் கண்ணாடியை மெதுவாக மேலே ஏற்றினான்.  கேப்டன் படியில் இறங்கி வந்தார்.

"மிரட்டுறியா?"

"ஆமா."

அவர் மீசையைத் தடவினார். 

"பின்பக்கக் கடைசியில நிறுத்து" என்றார் என்னிடம். "காத்து அந்தப் பக்கமாத்தான் அடிக்குது. அம்மா, நீ பெட்டியோட நிக்கணும். ஒரு ஈ வெளிய வந்தாலும் உன்னத் தூக்கிக் கடல்ல போடுவேன்."

"எனக்கு நீச்சல் தெரியும்" என்றாள் அவள்.

முக்கால் மணி நேரமும் அவள் நின்றுகொண்டே வந்தாள். ஒரு கை வலையில், இன்னொரு கையில் பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற டப்பா. பெட்டிகளின் மேல் தெளித்துக்கொண்டே இருந்தாள். தீவு பின்னால் போய்க்கொண்டிருந்தது. பாதி பச்சை, பாதி கறுப்பு. அவள் அந்தப் பக்கம் ஒரே ஒரு முறைதான் திரும்பினாள். கண்ணைத் துடைத்தாளா, தெறித்த தண்ணீரைத் துடைத்தாளா என்று நான் கேட்கவில்லை.

அக்கரையில் சோளக்காடும் புகையிலைக்காடும் தாண்டி நெஸ்டோஸ் ஆற்றோரமாக ஏறினோம். பாதி வழியில் ஒரு தேனீ எப்படியோ முன்பக்கம் வந்து என் காதுமடலில் கொட்டியது. லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டுக் கத்தினேன். அவள் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தாள்.

"செத்துட்டியா?"

"எரியுதுக்கா."

"எரியட்டும். அது செத்துருச்சு, நீ இருக்கே. வண்டிய எடு."

மேட்டில் ஏற ஏற அவளுக்குக் காது அடைத்தது.  எனக்கோ கிளட்ச் தீய்ந்த வாசனை அடித்தது. பிளத்தானி சதுக்கத்துக்குள் நுழையும்போது மணி பதினொன்று.

சதுக்கத்தில் காபிக்கடைக்கு வெளியே ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தீவிலிருந்து தேனீ வருகிற செய்தி காட்டிலாகா வழியாக எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. நெட்டையாக ஒருவர் எழுந்து வந்து லாரிக்கு முன்னால் நின்றார். பெயர் சீசிஸ். அந்த ஊர்த் தேன்காரர்களுக்குத் தலைவர்போல இருந்தவர், அறுபது வயதிருக்கும்.

"தீவுக்காரி நீதானா?"

"நான்தான்."

"திரும்பிப் போ. இந்த மலை எங்களுக்கே பத்தல. எரிஞ்ச எடத்துலருந்து என்ன நோயக் கொண்டு வந்திருக்கியோ."

"நோய் இருந்தா நீங்களே தொறந்து பாருங்க. காட்டிலாகா குடுத்த எடம் இது. இந்தாங்க பேப்பர்."

அவர் பேப்பரை வாங்கவில்லை. "மேல கரடி இருக்கு. அதுக்குப் படிக்கத் தெரியாது."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அசிமினா பேப்பரை மடித்து மார்புச் சட்டைக்குள் வைத்தாள்.

"வழிய விடுங்க. வெயில் ஏறுது."

"விடலேன்னா?"

நான் வாயைத் திறந்தேன். "ஐயா, காலையில துறையில கப்பல் கேப்டன் ஒருத்தரு இதையேதான் கேட்டாரு" என்று தொடங்கி நடந்ததை முழுக்கச் சொன்னேன். சிரிப்பு அடங்கியது. சீசிஸ் லாரியின் இரைச்சலைக் கொஞ்சம் கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

வெட்டவெளியில் கடைசிப் பெட்டியை இறக்கி முடித்தபோது என் கிளட்ச் முழுசாகப் போயிருந்தது. புதிய தகடு வர இரண்டு வாரம் ஆகும் என்றார் மெக்கானிக். அப்படித்தான் நான் அந்த ஊரில் மாட்டிக்கொண்டேன். அவள் ரொட்டி சுடுகிறவர்கள் வீட்டு மாடியில் ஒரு அறை எடுத்தாள், நான் லாரியிலேயே படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அவள் மேலே போனபோது ஐந்து பெட்டி சுக்குநூறாகக் கிடந்தது. சட்டங்கள் நாலாபுறமும் சிதறி, அடைகள் நசுங்கி, மண்ணோடு மண்ணாகத் தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முழங்காலிட்டு, உடையாத அடைகளை நூலால் சட்டத்தில் கட்டிக்கொண்டிருந்தாள்.  

சீசிஸும் வந்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"சொன்னேன்ல. எடுத்துட்டுப் போயிரு தாயி. இது கடல்காரங்களுக்கு ஆகுற எடம் இல்ல."

"அங்க போனா கரி, இங்க இருந்தா கரடி" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்தபடி. "கரடியோடயாச்சும் சண்ட போடலாம்."

மறுநாள் பஸ் பிடித்துச் சந்தை ஊருக்குப் போனாள். மாட்டுக்கு மின்வேலி போடுகிற ஒரு பெட்டியும் இரண்டு சுருள் கம்பியும் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"பாட்டரி?" என்றேன்.

"உன் லாரிதான் சும்மா நிக்குதே."

என் பாட்டரியை நானே கழற்றிக் கொடுத்தேன். சுற்றிலும் குச்சி நட்டுக் கம்பி இழுத்தோம். பிறகு அவள் காலியான மத்தி மீன் டப்பாக்களைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். சந்தையில் ஒரு ஆடு மேய்ப்பவர் சொல்லிக் கொடுத்த வழியாம். கரடி ரோமத்தால் கம்பியைத் தொட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது, நாக்கால் தொட வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, வெயில் இன்னும் மரத்தலையில் இருக்கும்போதே அது வந்தது. நாங்கள் ஒரு பாறைக்குப் பின்னால் இருந்தோம்.  கரடி நிதானமாக, தன் வீட்டுக்கு வருகிறதுபோல வந்தது. டப்பாவை முகர்ந்தது. நாக்கை நீட்டியது. அடுத்த நொடி அது போட்ட சத்தம் நாய்க்குட்டியின் சத்தம். புதரை உடைத்துக்கொண்டு மலைமேல் ஓடியது.

அசிமினா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் சட்டென்று நிறுத்தி, "பாவம், அதுக்கும் பசிதான்" என்றாள். எழுந்து, டப்பாவை நேராகத் திருப்பி வைத்தாள்.

பசித்த கரடி அடுத்த சரிவுக்குப் போனது. அது சீசிஸின் இடம். பதினோரு பெட்டி போயிற்று. காபிக்கடையில் நாங்கள் இருந்தபோது அவர் வந்து மேசையில் கையை அறைந்தார். அந்தக் கடையில் ஊர்ப் பெண்கள் யாரும் உட்கார்வதில்லை. அசிமினா முதல் நாளிலிருந்தே உட்கார்ந்தாள், கடைக்காரரும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"உன் வேலியாலதான் என் பெட்டி போச்சு. கரடிய என் பக்கம் வெரட்டி விட்டுட்டே."

"மலை உங்களோடதுன்னு சொன்னீங்க. அப்ப கரடி மட்டும் யாரோடது?"

யாரும் சிரிக்கவில்லை.  அந்த வாரமே பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, அவளை வெளியேற்றச் சொல்லிக் காட்டிலாகாவுக்கு மனு கொடுத்தார்கள். அவள் அதே ஆபீசுக்குப் போய், ஒரு பெட்டியைத் திறந்து காட்டி, நோயில்லை என்று எழுதி வாங்கி, அந்தத் தாளின் நகலைக் காபிக்கடைச் சுவரில் தானே ஒட்டினாள். இரண்டு முறை கிழித்தார்கள், மூன்று முறை ஒட்டினாள்.

அவள் வேலிக்கு வேறு பாட்டரி வாங்கி, என்னுடையதை நான் லாரியில் மாட்டிக் கிளம்பும் நாளன்று சீசிஸ் ரொட்டிக்கடைப் பக்கமாக வந்து தெருவிலேயே நின்றார். அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த டப்பா, மத்தியா, சூரையா?"

"மத்தி" என்று மாடியிலிருந்து அவளே பதில் சொன்னாள். "எண்ணெயோட. தண்ணியில போட்டது ஆகாது."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நன்றி சொல்லவில்லை. மனுவையும் திரும்ப வாங்கவில்லை. அந்த மனு நான்கு வருடம் ஓடிக் கடைசியில் அவள் பக்கம் தீர்ந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவள் பெட்டிகளை ஆற்றோரம் தாழ்வான இடத்துக்கு இறக்கி, வைக்கோல் சுற்றி வைத்தாள். ஜனவரியில் இடுப்பளவு பனி. கோஸ்மாஸ் நிலப் பத்திரத்தோடு ஒரு முறை வந்தான். பனிக்குள் பாதி வழியில் பஸ் நின்றுவிட, நடந்து வந்தானாம். அவள் அவனுக்குப் பயறு சூப் வைத்துக் கொடுத்து, காலுறையைக் காயவைத்துக் கொடுத்து, கையெழுத்துப் போடாமல் அனுப்பினாள்.

வசந்தத்தில் திறந்து பார்த்தபோது ஐம்பத்தெட்டுப் பெட்டி உயிரோடு இருந்தது. "கரடி ஒடச்ச அஞ்சு போக, பதினொண்ணு செத்துருச்சு சாராந்தி" என்று போனில் சொன்னாள்.  அடுத்த மூச்சிலேயே, "மொதப் பனியில சாகும்னானே கோஸ்மாஸ். ஜனவரியத் தாண்டி இத்தன நிக்குதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்றாள்.

ஜூனில் கஷ்கொட்டை பூத்தது. கறுத்த, கசப்பேறிய தேன். டப்பாவில் ஒட்டும் தாளில் அவள் தன் பெயரைப் போடவில்லை, அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயரையே பெரிய எழுத்தில் போட்டாள்: 'தீவுக்காரி தேன்'. சந்தையில் பிளத்தானிக்காரர்கள் யாரும் முதல் வருடம் வாங்கவில்லை. வெளியூர்க்காரர்கள் வாங்கினார்கள். மூன்றாம் வருடம் சீசிஸின் மனைவி ஒரு டப்பா வாங்கிப் பையின் அடியில் மறைத்துக்கொண்டு போனாள். வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்களாம். ஆனால் காலி டப்பா திரும்பி வந்தது, நிரப்பச் சொல்லி.

ஆபீசில் சொன்ன முப்பது வருடத்துக்கு முன்பே தீவில் பைன் மறுபடி வளர்ந்தது. தேன்காரர் சங்கத்திலிருந்து திரும்பி வரச் சொல்லிக் கடிதம் போட்டார்கள். "எனக்கு இப்ப ரெண்டு ஊர்" என்று எழுதி, முப்பது பெட்டியைத் தன் தங்கை மகள் பொறுப்பில் அனுப்பினாள். மீதியோடு மலையிலேயே இருந்துவிட்டாள்.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது அவளுக்கு எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் இரண்டிலும் அறுவை. இனிமேல் குனியக் கூடாது, தேனை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் தச்சன் ஒருவன் வெட்டவெளியில் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான். எல்லாப் பெட்டிகளும் அவளுடைய இடுப்பு உயரத்துக்கு மேசைகளில் ஏறி நின்றன. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, எந்த மேசை ஆடுகிறது என்று கைத்தடியால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் விடச் சொன்னாராமே?" என்றேன்.

"குனியாதேன்னாரு. குனியல" என்றாள். "நீ வந்தது நல்லதாப் போச்சு. அந்த மேசை ஓரத்த ஒரு கை பிடி."